கணக்கில் 10, போர்டில் 1.6: காமன் சோர்ஸ் ஆம்ப்ளிஃபயரில் கெயின் எங்கே போகிறது?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து டிப்ளமோ கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது. வீட்டு விசைத்தறியில் ஒரு பீசோ தட்டை (அதிர்வை வோல்டேஜாக மாற்றும் சென்சார்) ஒட்டி, தறி ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கும் புராஜெக்ட் செய்கிறார். முதல் கட்டமாக பி.எஃப்.டபிள்யூ.11 ஜெஃபெட்டில் (கேட் என்ற காலில் கொடுக்கும் வோல்டேஜ், டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு ஓடும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்; சுருக்கமாக ஃபெட்) ஒரு காமன் சோர்ஸ் ஆம்ப்ளிஃபயர், அதாவது சிக்னலைக் கேட்டில் கொடுத்து டிரெயினில் எடுக்கும் சர்க்யூட், போட்டிருக்கிறார். சப்ளை 12 வோல்ட், டிரெயினில் 3.3 கிலோ ஓம், சோர்ஸில் 1 கிலோ ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம், வெளியே 10 கிலோ ஓம் லோட். டேட்டாஷீட்டில் ஜி.எம்., அதாவது கேட் வோல்டேஜ் ஒரு வோல்ட் மாறினால் கரண்ட் எவ்வளவு மாறும் என்ற அளவு, குறைந்தது 3 மில்லி சீமென்ஸ் என்று இருக்கிறது; 3.3ஆல் பெருக்கினால் 9.9, ஆக கெயின் (சிக்னல் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பது) 10 வர வேண்டும். ஆனால் 100 மில்லிவோல்ட் கொடுத்தால் வருவது 160 மில்லிவோல்ட். டிரெயின் ரெசிஸ்டரை 6.8 கிலோ ஓம் ஆக்கினால் கெயின் கூடும் என்று பார்த்தாராம், அலையே உருக்குலைந்துவிட்டதாம். ‘கடையில் போலி டிரான்சிஸ்டர் கொடுத்துவிட்டார்களா, சார்?’ என்கிறார்.

தம்பி, கடைக்காரர் மேல் பழி போட வேண்டாம். உங்கள் சர்க்யூட் என்ன கொடுக்க வேண்டுமோ அதைத்தான் கொடுக்கிறது. 10க்கும் 1.6க்கும் நடுவில் காணாமல் போனது எங்கே போனது என்று வரிசையாகக் கணக்குக் காட்டிவிடலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசை எடை போடாமல் விலை சொல்லும் கடைக்காரர் உண்டா? ஜெஃபெட்டையும் அளக்காமல் சர்க்யூட்டில் வைக்கக் கூடாது. பி.எஃப்.டபிள்யூ.11க்கு ஐ.டி.எஸ்.எஸ்., அதாவது கேட்டையும் சோர்ஸையும் சேர்த்துக் கட்டினால் ஓடும் கரண்ட், 4 முதல் 10 மில்லி ஆம்பியர் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. கரண்ட் முழுக்க நின்றுபோகும் கேட் வோல்டேஜ், அதாவது பிஞ்ச் ஆஃப், 6 வோல்ட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இவ்வளவு அகலமான வேலிக்குள் உங்கள் ஆடு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் டிசைன் போட்டால் அது டிசைன் இல்லை, குறி சொல்வது.

அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு 9 வோல்ட் பேட்டரியும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து மைனஸில் கட்டி, டிரெயினை மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்த மீட்டர் வழியாக பிளஸில் கொடுங்கள். மீட்டர் காட்டுவது ஐ.டி.எஸ்.எஸ். அப்புறம் டிரெயினை நேராக பிளஸில் கொடுத்து, கேட்டை மைனஸில் விட்டு, சோர்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மீட்டரை வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். டிஜிட்டல் மீட்டரின் உள்ளே பெரும்பாலும் 10 மெகா ஓம் இருக்கும். அதன் வழியாக ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை. அதனால் சோர்ஸ் மேலே ஏறி ஏறி, கிட்டத்தட்ட பிஞ்ச் ஆஃப் வோல்டேஜிலேயே போய் நிற்கும். தனி மீட்டரும் வேண்டாம், கிராஃப் ஷீட்டும் வேண்டாம். முப்பது வருடமாக லேபில் நான் பையன்களுக்குக் காட்டிய வித்தைகளில் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

உங்களுடையது 6 மில்லி ஆம்பியரும் 3 வோல்ட்டும் உள்ளது என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். நீங்கள் சொன்ன 1.6 இதனுடன் சரியாகப் பொருந்துகிறது, ஏன் என்று கீழே தெரியும்.

ஷாக்லி சமன்பாடு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கணக்குப்படி, கேட் வோல்டேஜ் பிஞ்ச் ஆஃபுக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கரண்ட் ஓடும். இந்தத் தள்ளி நிற்கும் தூரத்தை வகுப்பில் நான் ‘மிச்சம்’ என்றே சொல்வேன். பிஞ்ச் ஆஃப் 3 வோல்ட், கேட் சோர்ஸைவிட 1.5 வோல்ட் கீழே இருக்கிறது என்றால் மிச்சம் 1.5. மிச்சம் பாதியானால் கரண்ட் கால் பங்கு: 6 மில்லி ஆம்பியரில் கால் பங்கு 1.5. அந்த 1.5 மில்லி ஆம்பியர் உங்கள் 1 கிலோ ஓம் சோர்ஸ் ரெசிஸ்டரில் ஓடினால் விழுவது 1.5 வோல்ட். கேட் 0 வோல்ட்டில் இருப்பதால் கேட்-சோர்ஸ் மைனஸ் 1.5. கணக்கு வட்டமாக வந்து மூடிவிட்டது பாருங்கள். அதாவது உங்கள் ஃபெட் உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான். டிரெயினில் 3.3 கிலோ ஓமில் விழுவது 4.95, ஆக டிரெயின் 7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். மீட்டரை வைத்துப் பாருங்கள்: கேட்டில் 0, சோர்ஸில் 1.5, டிரெயினில் 7. இந்த மூன்றும் சரியாக இல்லாமல் ஃபங்ஷன் ஜெனரேட்டரை ஆன் செய்யவே கூடாது.

இப்போது காணாமல் போன கெயினைத் தேடலாம். டேட்டாஷீட்டில் இருக்கும் 3 மில்லி சீமென்ஸ், கேட் வோல்டேஜ் பூஜ்யமாக இருக்கும்போது அளந்தது. (பழைய புத்தகங்களில் மில்லி மோ என்று இருக்கும், ரெண்டும் ஒன்றுதான்.) உங்கள் ஃபெட்டில் கேட் பூஜ்யத்தில் ஜி.எம். 2 × 6 ÷ 3, அதாவது 4. டேட்டாஷீட்டின் குறைந்தபட்சத்தைவிட நல்ல சரக்குதான். ஆனால் உங்கள் ஃபெட் பூஜ்யத்தில் உட்காரவில்லை, பாதி மிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் பாதியானால் ஜி.எம்.மும் பாதி: 2 மில்லி சீமென்ஸ். 3.3ஆல் பெருக்கினால் 6.6. பத்திலிருந்து முதல் வெட்டு இங்கேயே விழுந்துவிட்டது.

அடுத்து ஃபெட்டின் உள் ரெசிஸ்டன்ஸ். சுமார் 50 கிலோ ஓம் என்று எடுத்துக்கொண்டால் அது 3.3க்கு இணையாக வந்து 6.2 ஆக்கும். சின்ன வெட்டுதான், விட்டுவிடலாம். அடுத்தது உங்கள் 10 கிலோ ஓம் லோட். டிரெயின் ரெசிஸ்டர், லோட், உள் ரெசிஸ்டன்ஸ் மூன்றும் இணையாகச் சேர்ந்தால் 2.36 கிலோ ஓம், கெயின் 4.7. லோட் இல்லாமல் கணக்குப் போட்டுவிட்டு லோடுடன் அளப்பது பாதிப் பேர் செய்யும் தவறு.

பெரிய வெட்டு கடைசியில் இருக்கிறது: உங்கள் சோர்ஸ் ரெசிஸ்டருக்கு இணையாக, சிக்னலை மட்டும் நேராகக் கிரவுண்டுக்கு விடும் பைபாஸ் கெப்பாசிட்டர் இல்லை. கேட்டில் சிக்னல் ஏறினால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சோர்ஸும் மேலே ஏறும். கேட் ஒரு படி ஏறினால் சோர்ஸ் மூன்றில் இரண்டு பங்கு படி பின்னாலேயே ஏறி வந்துவிடுகிறது. ஃபெட் பார்ப்பது நடுவில் இருக்கும் வித்தியாசத்தை மட்டும். கணக்கில், 1 + ஜி.எம். × ஆர்.எஸ். (சோர்ஸ் ரெசிஸ்டர்), அதாவது 1 + 2 = 3ஆல் கெயினை வகுக்க வேண்டும். 4.7ஐ 3ஆல் வகுத்தால் சுமார் 1.6. உங்கள் சி.ஆர்.ஓ. (அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப்) பொய் சொல்லவில்லை.

சரி, கெப்பாசிட்டர் போடலாம், எவ்வளவு? ‘ஆர்.எஸ். 1 கிலோ ஓம், 20 ஹெர்ட்ஸ் வரை வேண்டும், ஆகவே 8 மைக்ரோ ஃபாரடு’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பார்கள். இது தப்பு. கெப்பாசிட்டர் சோர்ஸிலிருந்து பார்ப்பது 1 கிலோ ஓமை மட்டும் அல்ல. ஃபெட்டின் சோர்ஸும் 1 ÷ ஜி.எம்., அதாவது 500 ஓம் ஆக அதற்கு இணையாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் 333 ஓம். 20 ஹெர்ட்ஸுக்கு 24 மைக்ரோ ஃபாரடு ஆகிறது. 47 போடுங்கள். 100 போட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. மற்ற இரண்டு கெப்பாசிட்டர்களில் எல்லாரும் அவசியமில்லாமல் பெரிதாகப் போடுவார்கள். உள்ளே வரும் பக்கம் 1 மெகா ஓம் இருப்பதால் 0.01 மைக்ரோ ஃபாரடே 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வெளியே போகும் பக்கம் 1 மைக்ரோ போதும், அதுவே 12 ஹெர்ட்ஸ்.

6.8 கிலோ ஓம் போட்டபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1.5 மில்லி ஆம்பியர் 6.8இல் ஓடினால் 10.2 வோல்ட் விழும். சோர்ஸில் ஏற்கெனவே 1.5. பன்னிரண்டில் ஃபெட்டுக்கு மிஞ்சியது 0.3 வோல்ட். காமன் சோர்ஸில் ஃபெட் ஒழுங்காக வேலை செய்ய, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் குறைந்தது ‘மிச்சம்’ அளவு வோல்டேஜ் இருக்க வேண்டும், இங்கே 1.5. அதற்குக் கீழே போனால் அது ஆம்ப்ளிஃபயர் அல்ல, ஒரு சாதாரண ரெசிஸ்டர் மாதிரி நடக்கும். உருக்குலைந்த அலைக்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் கெயினைக் கூட்ட என்ன வழி? நான் எந்தப் பாடப்புத்தகச் சூத்திரத்தையும்விட அதிகம் பயன்படுத்துவது ஒன்று உண்டு. ஜி.எம். என்பது 2 × கரண்ட் ÷ மிச்சம். அதை டிரெயின் ரெசிஸ்டரால் பெருக்கினால், கரண்ட்டும் ரெசிஸ்டரும் சேர்ந்து வோல்டேஜ் ஆகிவிடும். ஆக லோட் இல்லாத கெயின் = 2 × டிரெயின் ரெசிஸ்டரில் விழும் வோல்ட் ÷ மிச்சம். உங்களுடையதில் 2 × 4.95 ÷ 1.5 = 6.6. அதே விடை. 12 வோல்ட் சப்ளையில் டிரெயின் ரெசிஸ்டருக்கு ஐந்து வோல்ட்டுக்கு மேல் கொடுக்க மனசு வராது. ஆகவே மாற்ற முடிந்தது மிச்சம் ஒன்றைத்தான். மிச்சத்தை 0.75 ஆக்கினால், அதாவது கரண்ட்டை 0.375 மில்லி ஆம்பியருக்கு இறக்கி, சோர்ஸில் 6 கிலோ ஓம், டிரெயினில் 12 கிலோ ஓம் போட்டால் 12 வரும். கரண்ட்டைக் குறைத்தால் கெயின் கூடுகிறது என்பதைப் பையன்கள் முதலில் நம்பவே மாட்டார்கள். ஆனால் ஜாக்கிரதை: இதே 10 கிலோ ஓம் லோடை மாட்டினால் அந்த 12 அப்படியே ஐந்தரைக்குக் கீழே இறங்கிவிடும். பின்னால் ஒரு சோர்ஸ் ஃபாலோயர் (கெயின் கிட்டத்தட்ட 1, ஆனால் லோடைத் தாங்கும் கட்டம்) வைத்தால்தான் அந்தக் கெயின் உங்கள் கைக்கு வரும்.

‘இதற்கு பி.சி.547 போட்டிருக்கலாமே’ என்று யாராவது வைவாவில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே 1.5 மில்லி ஆம்பியரில் பி.சி.547க்கு ஜி.எம். சுமார் 60, நம்முடையது 2. கெயின் பந்தயத்தில் ஃபெட் தோற்றதுதான். ஃபெட் ஜெயிப்பது வாசலில். உங்கள் பீசோ தட்டு ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, 27 மில்லிமீட்டர் தட்டு என்றால் சுமார் 20 நானோ ஃபாரடு. அதை 10 கிலோ ஓம் இன்புட் உள்ள பி.சி.547 கட்டத்தில் கொடுத்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் தேய்ந்துவிடும். தறியின் அடிச்சத்தமே அங்கேதான் இருக்கிறது. 1 மெகா ஓமில் கொடுத்தால் 8 ஹெர்ட்ஸ் வரை வரும். நீங்கள் சட்டையில் குத்தும் காலர் மைக்கின் குமிழுக்குள்ளும் ஒரு குட்டி ஜெஃபெட் காமன் சோர்ஸாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. டிரெயின் ரெசிஸ்டர் மட்டும் வெளியே இருக்கும்.

வாசலைப் பெரிதாகத் திறந்தால் வேண்டாததும் உள்ளே வரும். உங்கள் தெருவில் ஒவ்வொரு தறி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதும் அந்த 1 மெகா ஓம் கேட் அதைக் கேட்கும். பீசோவிலிருந்து ஷீல்டு வயரில்தான் வர வேண்டும். வயரின் நூறு இருநூறு பிகோ ஃபாரடு 20 நானோவுக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை. பி.எஃப்.டபிள்யூ.11க்கு நான்கு கால்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்காவது அதன் உலோக மூடி. அதை அந்தரத்தில் விட்டிருந்தால் கிரவுண்டில் கட்டுங்கள். அப்புறம் சப்ளை. காமன் சோர்ஸில் சப்ளையில் இருக்கும் ரிப்பிள் (மெயின்ஸிலிருந்து மிஞ்சும் அலைவு) டிரெயின் ரெசிஸ்டர் வழியாக நேராக அவுட்புட்டுக்கு வந்துவிடும், கிட்டத்தட்ட முழுசாக. சப்ளைக்கும் டிரெயின் ரெசிஸ்டருக்கும் நடுவில் 100 ஓம், அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோ ஃபாரடு போடுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஹம் முப்பதில் ஒரு பங்காகும், நீங்கள் இழப்பது 0.15 வோல்ட்.

கேட் ரெசிஸ்டரை 10 மெகா ஓம் ஆக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏற்காட்டில் ஒரு நண்பரின் காப்பித் தோட்ட வீட்டில் செராமிக் கார்ட்ரிட்ஜ் உள்ள பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்று இருந்தது. அதற்கு இதே மாதிரி ஒரு காமன் சோர்ஸ் ப்ரீஆம்ப் செய்து, கேட்டில் 10 மெகா போட்டேன். சேலத்தில் என் மேஜையில் அருமையாகப் பாடியது. மலையில் பனிமூட்டம் இறங்கிய ஒரு மார்கழி சாயங்காலம் கரகரவென்று ஆரம்பித்து, அப்புறம் சத்தமே நசுங்கிவிட்டது. காலையில் வெயில் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி பாடுகிறது! மூன்று தடவை மலை ஏறி இறங்கிய பிறகுதான் பிடிபட்டது. போர்டில் நான் துடைக்காமல் விட்ட சால்டரிங் பிசின் ஈரத்தைக் குடித்து, 12 வோல்ட் தடத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு கசிவுப் பாதை போட்டிருந்தது. அந்தக் கசிவு 100 மெகா ஓம் என்று வைத்தாலும், 10 மெகா ஓம் கேட்டில் 1.1 வோல்ட் ஏறிவிடும். பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது ஃபெட் உட்காரும் இடம், மொத்தமும் சாய்ந்துவிடும். 1 மெகா ஓமாக இருந்தால் ஏறுவது 0.12 வோல்ட், ஃபெட் அதைச் சட்டை செய்யாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவி, லேக்கர் அடித்து, ரெசிஸ்டரை 2.2 மெகாவாக மாற்றிய பிறகு தொல்லை இல்லை. உங்கள் தறிக்கூடத்தில் பனி இல்லை, பஞ்சுத் தூசி இருக்கிறது. 1 மெகா ஓமுக்கு மேல் போகாதீர்கள், போர்டை மூடி வையுங்கள்.

மேல் பக்க ஃப்ரீக்வென்சி பற்றி உங்கள் புராஜெக்டுக்கு ரொம்பக் கவலை வேண்டாம். கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவில் உள்ள ஒரு பிகோ ஃபாரடுக்கும் குறைவான கெப்பாசிட்டன்ஸ், கெயினால் பெருகி இன்புட்டில் நாலைந்து பிகோவாகத் தெரியும். வால்வு காலத்திலேயே, 1920இல் மில்லர் எழுதி வைத்தது. எல்லாம் சேர்த்தாலும் 10 பிகோதான். ஜெனரேட்டரின் 600 ஓமுடன் சேர்ந்தால் 26 மெகா ஹெர்ட்ஸ். ஆனால் லேபில் அளந்தால் 600, 700 கிலோ ஹெர்ட்ஸிலேயே கெயின் விழுகிறது என்பார்கள். அது ஃபெட் அல்ல, சி.ஆர்.ஓ. கேபிள். ஒன்றுக்கு ஒன்று புரோபின் 100 பிகோ ஃபாரடை 2.4 கிலோ ஓமில் தொங்கவிட்டால் அந்த இடத்தில்தான் விழும். பத்துக்கு ஒன்று புரோபில் அளந்து பாருங்கள், எண் மாறும்.

2என்7000 மாஸ்ஃபெட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம். கேட்டுக்கு பிளஸ் வோல்டேஜ் வேண்டும், அதன் திரெஷோல்டு 0.8 முதல் 3 வோல்ட் வரை அலையும், இன்புட் கெப்பாசிட்டன்ஸும் பல மடங்கு. இந்த வேலைக்கு எனக்குப் பிடிக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஃபெட்டை மாற்றிப் பார்த்தீர்களா? ஐ.டி.எஸ்.எஸ். 9, பிஞ்ச் ஆஃப் 4 வோல்ட் உள்ள இன்னொரு பி.எஃப்.டபிள்யூ.11ஐ இதே சர்க்யூட்டில் வைத்துக் கணக்குப் போட்டேன். கரண்ட் 2.08 மில்லி ஆம்பியர் ஆகிறது, ஜி.எம். 2.16. கெயினில் பெரிய மாற்றம் இல்லை, பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் டிரெயின் 5.1 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. பைபாஸ் போட்ட நிலையில் முதல் ஃபெட்டில் டிரெயின் கீழே இறங்க ஏறத்தாழ 3.5 வோல்ட் இடம் இருந்தது, இதில் ஒரு வோல்ட்கூட இல்லை. கெயினை மட்டும் அளந்து ‘டிசைன் ஓகே’ என்று எழுதுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

தறியில் ஒட்டிய பீசோ மெல்லப் பேசாது. நாடா, அதாவது ஓடம், அடிக்கும் இடத்துக்கு அருகில் ஒட்டினால் வோல்ட் கணக்கில் துள்ளும். பைபாஸ் போட்டு 4.7 கெயின் வைத்தால் அரை வோல்ட் இன்புட்டிலேயே அலையின் அடி வெட்டுப்பட ஆரம்பிக்கும். வர்க்க விதியால் வரும் இரண்டாம் ஹார்மானிக்கும் 100 மில்லிவோல்ட் உச்சத்துக்கே 1.7 சதவீதம். பைபாஸ் இல்லாத உங்கள் இப்போதைய சர்க்யூட் 1.4 வோல்ட் வரை தாங்கும், டிஸ்டார்ஷன் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே முதலில் கெப்பாசிட்டர் போடாமல், இந்த 1.6ஐயே தறியில் மாட்டிப் பாருங்கள். பீசோவுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு 100 கிலோ ஓம் தொடராக இருக்கட்டும், பெரிய அடி விழுந்தாலும் கேட் பிழைத்துக்கொள்ளும். சிக்னல் போதவில்லை என்றால் 1 கிலோ ஓமை 330, 680 என்று இரண்டாகப் பிரித்து, கீழே உள்ள 680க்கு மட்டும் 47 மைக்ரோ போடுங்கள். கெயின் 3க்கு அருகில் வந்து நிற்கும். அப்போதும் டிரெயினில் 7 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தறியை ஓட விடுங்கள்.